புகைப்படத் தொழிலும் நானும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருப்பது எங்கள் ஊராகிய புளியறை. மேற்கே மலை, கிழக்கே வயல்; நடுவே சாலையும் இருப்புப் பாதையும். செங்கோட்டை வட்டாரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வரும்போது எங்கள் பக்கத்தில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். வெளியூரார் அதைச் சாரல் என்று கொண்டாடிக் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள். நான் அந்த நாட்களை வேறு காரணத்துக்காக எதிர்பார்த்திருப்பவன். மெல்லிய மேகத்தினூடே வடிந்து வரும் அந்த வெளிச்சத்தில் மனித முகம் தெரிவது போல வேறு எந்த வெளிச்சத்திலும் தெரியாது. கண்ணுக்குக் கீழே கருநிழல் விழாது, நெற்றி பளபளக்காது, முகத்தில் உள்ளது உள்ளபடி இருக்கும்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் புகைப்படம் எடுப்பதே என் பிழைப்பு. இத்தொழிலைப் பற்றி மாணவர்களுக்குச் சில சொற்கள் கூற வேண்டும் என்று வானொலி நிலையத்தார் விரும்பினர். இன்று உங்களில் பெரும்பாலோரிடம் ஏதேனும் ஒரு வகையில் காமிரா இருக்கிறது. நாளொன்றுக்கு நீங்கள் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை, நான் தொழில் தொடங்கிய நாளில் ஒரு மாதத்துக்கு எடுத்ததைவிட மிகுதியாக இருக்கலாம். அப்படியிருக்க, இந்தக் கிழவன் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் செய்த ஒரு தவற்றையும் அதனால் கற்றுக்கொண்ட பாடத்தையும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அதற்கு முன் தொழிலைச் சற்று விளக்க வேண்டும்.

1971 இல், பதினாறாம் வயதில், தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்தேன். காமிராவைத் தொடலாம் என்ற ஆசையோடு போன எனக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கிடைத்த வேலை படங்களைத் தண்ணீரில் அலசுவது ஒன்றுதான். அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், படம் எவ்வாறு உண்டாகிறது என்று தெரிய வேண்டும்.

வெள்ளியோடு புரோமின், அயோடின் போன்ற பொருள்கள் சேர்ந்து உண்டாகும் உப்புக்களுக்கு ஓர் இயல்பு உண்டு: வெளிச்சம் பட்டால் அவை மாறுதலடையும். அந்த உப்பைக் கூழ் போன்ற ஜெலட்டினில் கலந்து பிலிமின் மீது பூசியிருப்பார்கள். ஷட்டர் திறந்து மூடும் நொடிப்பொழுதில் உள்ளே புகும் ஒளி, அந்த உப்பில் ஒரு சுவட்டைப் பதிக்கிறது. அந்தச் சுவடு கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்னும் கரைசலில் இட்டால், ஒளி பட்ட இடங்களில் மட்டும் உப்பு மாறிக் கரிய வெள்ளித் துகளாகும். ஆகவே வெளிச்சம் மிகுந்த இடம் கறுப்பாகவும், இருண்ட இடம் தெளிவாகவும் வரும். இதுவே நெகட்டிவ். இதன் வழியே மீண்டும் ஒளியைச் செலுத்தித் தாளில் விழச் செய்தால், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் திரும்பி, உண்மையான தோற்றம் கிடைக்கும். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ், வெள்ளைத் தாளொன்று தட்டில் மிதக்க, அதிலிருந்து முதலில் தலைமுடியும் பிறகு கண்களும் மெல்ல மெல்ல மேலெழுந்து வருவதை முதன்முதலாகக் கண்ட நாளை நான் மறக்கவில்லை.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. ஒளி படாத இடங்களில் வெள்ளி உப்பு அப்படியே எஞ்சியிருக்கும். அதை நீக்காவிட்டால், படத்தை வெளியே கொண்டுவந்தவுடன் முழுவதும் கறுத்துவிடும். அதைக் கரைத்து நீக்குவது ஹைப்போ என்னும் உப்பு. அதன் இந்தக் குணத்தைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1839 இல் காட்டியவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி. இந்த ஹைப்போவும் தாளிலேயே தங்கிவிடக் கூடாது. தங்கினால் உடனே ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தின்று, படம் மஞ்சளித்து மங்கிப் போகும். எனவே ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். அக்காலத்துத் தடித்த தாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

நான் அவசரப்பட்டு அரை மணியில் எடுத்துவிட்டால் என் ஆசான் கண்டுபிடித்துவிடுவார். "குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் பஞ்சமா?" என்று கேட்பார். "படம் நன்றாக இருக்கிறதா என்பதை வாங்குகிறவர் இன்றைக்கே பார்த்துவிடுவார். நன்றாக அலசினாயா என்பதை அவர் பேரன்தான் பார்ப்பான்" என்பது அவர் வாக்கு. அந்தச் சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

காமிராவைத் தொட அனுமதி கிடைத்த பிறகு, தொழிலின் மற்றொரு பகுதியைக் கற்றேன். அதைத் தேர்ந்தெடுத்தல் என்று சொல்லலாம். குற்றாலம் பேரருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று கொள்வோம். ஷட்டரை நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் நீர் 3 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லு போல் அந்தரத்தில் நிற்கும். அரை நொடி திறந்தால் நீர் ஏழரை மீட்டர் இறங்கிவிடும். அருவி முழுவதும் வெண்பட்டு விரித்தாற்போல் தோன்றும். இரண்டும் ஒரே அருவிதான். ஆனால் பாறையருகே நிற்பவனுடைய கண், நின்ற துளியையும் கண்டதில்லை, வெண்பட்டையும் கண்டதில்லை. எது உண்மை? இரண்டும் உண்மை, இரண்டும் பகுதி உண்மை. அருவியின் ஆவேசத்தைக் காட்ட வேண்டுமா, அமைதியைக் காட்ட வேண்டுமா என்று முதலில் என் உள்ளத்துக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகே விரல் ஷட்டரைத் தேட வேண்டும். படைப்பு என்று பெரியோர் கூறுவது, என் தொழிலைப் பொறுத்தவரை, இந்தச் சிறு முடிவுதான்.

அதே குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று அது. அங்கே இறைவனை உலோகத் திருமேனியாக அன்றி ஓவியமாகவே வழிபடுகிறார்கள். அச்சபையின் சுவர் ஓவியங்களை இளமையில் அடிக்கடி பார்த்து வருவேன். ஓவியனுக்கு இருக்கும் உரிமையை நினைத்து ஏங்குவதும் உண்டு. அவன் மனத்தில் உள்ள மரத்தை வேண்டிய இடத்தில் நட்டுவிடலாம். வேண்டாத தூணை விட்டுவிடலாம். புகைப்படக்காரனோ காமிராவின் முன் நிற்கும் அத்தனையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவன். குப்பைத் தொட்டியும் வரும், குறுக்கே ஓடும் நாயும் வரும். அவன் செய்யக்கூடியது, இரண்டடி தள்ளி நிற்பதும் இரண்டு நிமிடம் காத்திருப்பதுமே. ஆயினும் அந்த இரண்டடியிலும் இரண்டு நிமிடத்திலும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதில் சிலர் ஓவியன் உரிமையையும் சற்றே எடுத்துக்கொண்டதுண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத் தலைவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். அப்படத் தொகுதிகள் 1858 இல் வெளிவந்தன. மெழுகு பூசிய தாளையே நெகட்டிவாகக் கொண்டு, பெரிய காமிராவையும் கூடாரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்து அவர் செய்த பணி அது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார். அதன் நீளம் 19 அடி. கல்லில் எழுதியதை ஒளியால் படியெடுத்த அந்த உழைப்பை எண்ணினால் இன்றும் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஆனால் அதே டிரைப், அன்றைய நெகட்டிவில் வானம் வெறுமையாக வந்தபோது, தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தும் இருக்கிறார். கல்வெட்டில் ஓர் எழுத்தைக்கூட அவ்வாறு தீட்டிச் சேர்ப்பது தகாது என்பதை நினைவில் வையுங்கள். அழகுக்காக எதைச் செய்யலாம், உண்மைக்காக எதைச் செய்யக் கூடாது என்ற எல்லைக்கோடு புகைப்படக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கும் அந்தக் கேள்வி தினந்தோறும் வரும். நெகட்டிவின் மீது கூர்மையான பென்சிலால் தீட்டினால், முகத்தின் தழும்பும் சுருக்கமும் மறையும். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் நிறத்தைக் கூட்டித் தரும்படி கேட்பார்கள். நானும் செய்து கொடுத்திருக்கிறேன், பெருமைப்படவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் பெண்ணை நேரில் பார்க்கும்போது அந்தப் பெண் படும் வேதனையை யாரும் எண்ணுவதில்லை. ஒரு பருவில் வந்த கட்டியை மறைப்பது வேறு. ஒருவரை வேறொருவராக மாற்றுவது வேறு. இன்று பென்சிலுக்குப் பதில் இயந்திரமே அதைக் கேளாமல் செய்துவிடுகிறது. ஆகவே இந்த எல்லைக்கோடு உங்களுக்கு என்னைவிட அதிகம் தேவைப்படும்.

எங்கள் பகுதியில் பிறந்த ஒருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1912 இல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைப் பற்றி 1950 முதல் 1996 இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இடைவிடாது எழுதினார். விலங்குகளைப் படமும் பிடித்தார். வண்ணப் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்து, தமக்கென ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் மாணவன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். யானை எந்நேரத்தில் எங்கே நீரருந்த வரும், அதன் காது எவ்வாறு அசைந்தால் என்ன பொருள் என்பவற்றைப் பல்லாண்டுகள் பார்த்துப் பார்த்து அறிந்தவர் அவர். படம் அந்த அறிவின் பயனாக வந்தது. 1970 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பொருளை அறியாமல் கருவியை மட்டும் அறிந்தவன், எழுத்துத் தெரிந்தும் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவனை ஒப்பான்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

1979 இல் செங்கோட்டையில் சொந்தமாக ஒரு சிறு ஸ்டூடியோ வைத்தேன். 1986 ஆம் ஆண்டு, பள்ளிகளில் தேர்வுக்குப் படம் கேட்கும் பருவத்தில், ஒரே மாலையில் அறுபது, எழுபது படங்கள் அச்சிட வேண்டியிருந்தது. உதவிக்கு ஆள் இல்லை. ஒரு மணி நேரம் அலச வேண்டிய படங்களைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் காயவைத்தேன். ஆசான் பக்கத்தில் இல்லை. வாங்கியவர்களுக்கும் குறை தெரியவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே செய்தேன்.

காலம் மாறியது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. உதகமண்டலத்தில் 1960 இல் அரசாங்கம் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையே, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் தாளும் செய்து நாடெங்கும் அனுப்பிய பின், நலிந்து மூடப்பட்டது. 2007 இல் நானும் இருட்டறையைக் கலைத்தேன். இருபத்தெட்டு ஆண்டு நெகட்டிவுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. மழைக்காலத்து ஈரத்தில் அவற்றில் பூஞ்சணம் ஏறிக்கொண்டிருந்தது. பழைய நெகட்டிவிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரி ஒருவர் வந்து எடை போட்டு வாங்கிக்கொண்டார். இடம் ஒழிந்தது என்று மகிழ்ந்தேன்.

2011 ஆடி மாதத்தில் ஒரு நாள், எங்கள் ஊரிலிருந்தே ஓர் அம்மாள் வந்தார். வயலில் நாற்று நடும் கூட்டத்தில் பார்த்த முகம். துணியில் சுற்றிய ஒரு சட்டத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு சிறிய படம், மஞ்சளித்துப் போயிருந்தது. தலைமுடியும் சட்டைக் காலரும் மங்கலாகத் தெரிந்தன. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

"அண்ணாச்சி, எம் மவன். பன்னெண்டு வயசுல பரீட்சைக்குன்னு ஒங்ககிட்டதான் எடுத்தது. மறு வருசம் காய்ச்சல்ல போயிட்டான். இந்த ஒரு படந்தான் உண்டும். ஒங்ககிட்ட பிலிம் இருக்கும்லா?" என்று கேட்டார்.

அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரம் அதைச் செய்யவில்லை, ஹைப்போ செய்தது. நான் மிச்சப்படுத்திய ஐம்பது நிமிடம் இருபத்தைந்து ஆண்டுகள் மெல்ல மெல்ல அந்தச் சிறுவனின் முகத்தைத் தின்றிருக்கிறது. மீண்டும் அச்சிடலாம் என்றால், நெகட்டிவை நானே எடைக்குப் போட்டிருக்கிறேன். என் ஆசான் சொன்ன பேரன் இவ்வாறு ஒரு தாயின் உருவில் வந்து நின்றார்.

உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சரி அண்ணாச்சி" என்று சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். அப்போது ஏதோ நினைத்துக்கொண்டவர் போல், "ரயிலடியில கொய்யாப்பழம் விப்பான். அங்கன நீங்க ரயிலைப் படம் எடுத்தப்போ நானும் நின்னேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்" என்றார்.

பகவதிபுரம் நிலையத்தில் மீட்டர் பாதை வண்டிகளை நான் எடுத்தது உண்மை. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் அந்தப் பாதை 1904 இல் திறக்கப்பட்டது. 2010 இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2018 இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்த வண்டிகளின் நல்ல படங்களை வாடிக்கையாளர் நெகட்டிவுகளோடு பெட்டியில் வைத்திருந்தேன், அவை போய்விட்டன. பயனற்றவை என்று ஒதுக்கிய பிலிம் துண்டுகள் மட்டும் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவில் கிடந்தன. மூன்று இரவுகள் அவற்றை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பார்த்தேன். ஒரு துண்டில் எஞ்சின் பாதி வெட்டுப்பட்டிருந்தது; கூடையோடு ஒரு பையன் குறுக்கே வந்துவிட்டதால் படம் கெட்டது என்று அன்று சலித்துக்கொண்டு ஒதுக்கியது அது.

அந்த நெகட்டிவில் அவன் தலையின் அளவு ஒன்றரை மில்லிமீட்டர், கடுகளவு. பரணில் கிடந்த என்லார்ஜரை இறக்கி, எஞ்சியிருந்த தாளில், இருபது மடங்கு பெருக்கி அச்சிட்டேன். வெள்ளித் துகள்கள் மணல் போல் பரந்து தெரிந்தன. கூர்மை இல்லை, கண் இரண்டும் இரண்டு புள்ளிகள். எந்தப் போட்டியிலும் அந்தப் படம் முதல் சுற்றைத் தாண்டாது. அதை ஒரு மணி நேரம் ஓடும் நீரில் அலசினேன். மறுநாள் புளியறைக்குச் சென்று கொடுத்தபோது, அவர் கதவருகே வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தோளைச் சாச்சுக்கிட்டு நிக்கான் பாருங்க. அவன்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பணம் கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார், நான் வாங்கவில்லை.

மாணவ நண்பர்களே, அந்தப் படம் கிடைத்ததை என் திறமை என்று நான் கருதவில்லை, அது தற்செயல். அந்தச் சிறுவனோடு அன்று அலசிய மற்ற அறுபது, எழுபது முகங்கள் எங்கெங்கே மஞ்சளித்துக் கொண்டிருக்கின்றனவோ, அறியேன். அவற்றுக்கு மாற்று என்னிடம் இல்லை. நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று எடுத்த அன்றே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால் ஒரு படத்துக்கு என்ன மதிப்பு என்பதை எடுத்தவன் அறியான். அதில் இருப்பவர்களை நேசித்தவர்கள் அறிவார்கள். புகைப்படக்காரன் கலைஞனாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிறருடைய பொருளைக் காத்து வைத்திருப்பவன் என்ற கடமையிலிருந்து மட்டும் அவன் தப்ப முடியாது.

இந்தக் கடமை இன்று உங்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். கருவி பழுதானால், தொலைந்தால், கடவுச்சொல் மறந்தால், அவை என்னுடைய நெகட்டிவுப் பெட்டியைவிட விரைவாகப் போய்விடும். எடைக்குப் போட்ட காசுகூடக் கிடைக்காது. ஆகவே மூன்று செயல்களை வேண்டிக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வீட்டிலுள்ள முதியோரையும் சிறுவரையும் நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். அவற்றுள் சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். எஞ்சியவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள்.

நான் இப்போது ஸ்டூடியோ நடத்துவதில்லை. சாரல் நாட்களில் காமிராவோடு வயல் வரப்பில் நடப்பதுண்டு. நடவு செய்யும் பெண்கள் அழைத்தால் நின்று படம் எடுக்கிறேன். எடுத்ததை அச்சிட்டு அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்த அம்மாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தை, அவ்வழியே போகும்போதெல்லாம் ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன். இதுவரை மஞ்சள் ஏறவில்லை.